ஆறு மாதப் பிரதமர் – காலி தந்த தகநாயக்கா



பூண்டுலோயா கடைவீதியில் வயது முதிர்ந்த ஒருவரைக் கண்டால், நம் நாட்டுப் பிரதம மந்திரிகளின் பெயரை வரிசையாகச் சொல்லும்படி கேட்டுப் பாருங்கள். டீ. எஸ். சேனநாயக்கா, அவர் மகன் டட்லி, சேர் ஜோன் கொத்தலாவலை, பண்டாரநாயக்கா என்று விரல் விட்டு எண்ணி வருவார். அடுத்து ஸ்ரீமாவோ அம்மையார் என்று சொல்லிவிடுவார். நடுவே ஒருவர் விடுபட்டுப் போவார். அவரை நினைவூட்டினால், பெரியவர் சற்று யோசித்துவிட்டு, ஆமாம், பணிஸ் கொடுத்தவர், கோவணத்தோடு பாராளுமன்றம் போனவர் என்று சிரிப்பார்.

விஜயானந்த தகநாயக்கா என்ற அந்த மனிதர் 1959 செப்டெம்பர் 26ஆம் திகதி பிரதமர் ஆனார். 1960 மார்ச் 20ஆம் திகதி அப்பதவியை விட்டு இறங்கினார். கணக்குப் பார்த்தால் ஆறு மாதத்துக்கும் சில நாட்கள் குறைவு. அந்தச் சொற்ப காலத்துக்குள் ஒரு கொலை விசாரணை, ஒரு தணிக்கை, தூக்குத் தண்டனையின் மறுவருகை, மந்திரிசபையின் சிதைவு, ஒரு பொதுத்தேர்தல் அத்தனையும் நடந்து முடிந்தன. அவருடைய வாழ்க்கை நம் தோட்டத்து மக்களின் கதையையும் இரண்டொரு இடங்களில் தொட்டுச் செல்வதால், இவ்வாரம் அவரைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று எண்ணினேன்.

அற்பாயுள் மந்திரிசபை என்றால் பலருக்குப் பிரான்சு தேசம் நினைவுக்கு வரும். 1946 முதல் 1958 வரை நடந்த நான்காவது குடியரசின் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மந்திரிசபைகள் தோன்றி மறைந்தன. இறையூழியர் நிலையிலிருந்து 2021இல் திருச்சபையால் வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்கப்பட்ட றோபேர் ஷூமான், 1948 செப்டெம்பரில் இரண்டாம் முறை அமைத்த மந்திரிசபை மூன்று நாள் கூட முழுதாக நிற்கவில்லை. ஆனால் அங்கே கட்சிகள் பலவாகப் பிரிந்து கிடந்ததால் அரசாங்கங்கள் விழுந்தன. நம் நாட்டிலோ துப்பாக்கிச் சூட்டினால் ஓர் அரசு ஆட்டங்கண்டு, அதைத் தாங்கிப் பிடிக்கக் கையில் கட்சி இல்லாத ஒருவரிடம் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் இந்த வேற்றுமை உண்டு.

இரட்டையரில் ஒருவர்

தகநாயக்கா 1902 அக்டோபர் 22ஆம் திகதி காலியில் பிறந்தார். தனியாகப் பிறக்கவில்லை, கல்யாணப்பிரிய என்ற சகோதரரோடு இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தார். காலி றிச்மண்ட் கல்லூரியிலும், பின்னர் கல்கிசை புனித தோமையார் கல்லூரியிலும் கல்வி பயின்றார். ஆசிரியப் பயிற்சி பெற்று, காலியில் இயேசு சபைக் குருமார் நடத்திவந்த புனித அலோசியஸ் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். பௌத்தக் குடும்பத்தில் பிறந்து, புரட்டஸ்தாந்துப் பள்ளிகளில் படித்து, கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பித்தவர் பிற்காலத்தில் நாட்டின் கல்வி மந்திரியானார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

வாத்தியார் வேலை அவரை நீண்ட காலம் கட்டிப் போடவில்லை. பேச்சு வன்மை இருந்தது; ஏழைகள் மீது இரக்கமும் இருந்தது; கூட்டத்தைச் சிரிக்க வைக்கவும் தெரிந்திருந்தது. இடதுசாரி இயக்கத்தில் சேர்ந்தார். 1939இல் காலி மாநகரின் முதலாவது மேயராகத் தெரிவானார். 1944இல் ஊவாப் பக்கத்திலுள்ள பிபிலைத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார். தென் கரைக் காலியில் வளர்ந்த ஒருவரை மலையோரத்துப் பிபிலை மக்கள் தெரிவு செய்தார்கள் என்றால், அவருடைய நாக்கின் பலத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சபையில் எழுந்து நின்றால் இலேசில் உட்காரமாட்டார் என்று பெயர் எடுத்தார்.

மூன்று கைகள்

வாசகர்களே, இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய ஒரு சம்பவம் இருக்கிறது.

1945 நவம்பரில், சோல்பரி ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடியொற்றிய அரசியல் திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று அரசாங்க சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஏற்பவர்கள் 51 பேர். எதிர்த்தவர்கள் மூவர் மட்டுமே. அம்மூவரில் இருவர் இந்திய வம்சாவளி மக்களின் பிரதிநிதிகள். மூன்றாமவர் தகநாயக்கா. ஐம்பத்தொரு பேர் ஒரு பக்கம் நிற்க, தோட்டத்து மக்களுக்காகப் பேசிய இருவருடன் சேர்ந்து கை உயர்த்திய ஒரே சிங்களவர் அவர்தான்.

இதைக் கேட்டவுடன் அவரை நம் மக்களின் காவலராக உயர்த்திப் பேச நமக்கு ஆசை வரலாம். அது சரியாகாது. இந்தியப் பிரதிநிதிகள் இருவரும் எதிர்த்தது, வருங்காலத்தில் நம் மக்களின் பிரசா உரிமையும் வாக்குரிமையும் பெரும்பான்மையோரின் தயவில் விடப்படும் என்ற அச்சத்தினால். தகநாயக்கா எதிர்த்ததோ, அத்திட்டம் பூரண சுதந்திரம் அல்ல, வெள்ளையரின் பிடி இன்னும் தளரவில்லை என்ற இடதுசாரிக் கொள்கையினால். ஒரே கதவை இரு பக்கத்திலிருந்தும் தள்ளியவர்கள் போல அவர்கள் அன்று சந்தித்துக்கொண்டார்கள். ஆயினும் தனித்து நிற்க அஞ்சாத குணம் அவரிடம் இருந்தது என்பதற்கு இது சாட்சி. அதே குணம் பிற்காலத்தில் அவருக்குப் பெருங் கேடாகவும் முடிந்தது.

இந்தியப் பிரதிநிதிகளின் அச்சம் வீண்போகவில்லை. 1947 பொதுத்தேர்தலில் நம் மலைநாடு ஏழு இலங்கை இந்தியக் காங்கிரஸ் அங்கத்தவர்களைப் பாராளுமன்றம் அனுப்பியது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சென்றவர், மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்து நம் மக்களின் வாக்கைப் பறித்தது. 1952 தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்காகப் பேச ஒருவர் கூடத் தெரிவாகவில்லை. இடதுசாரிக் கட்சிகள் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தன. அப்போது போல்ஷவிக் சமசமாஜக் கட்சியின் சார்பில் காலித் தொகுதிக்கு அங்கத்தவராகி, அந்த வரிசையில் இருந்தவர்தான் தகநாயக்கா.

அப்படிப்பட்டவர் எவ்வாறு சிங்களம் மட்டும் என்ற அணியில் போய் நின்றார்? அரசியல் என்பது ஆற்றின் போக்கு மாதிரி. மேட்டில் ஓடியது பள்ளத்தைக் கண்டால் அங்கே பாயும். சமசமாஜிகளோடு கருத்து மாறுபட்டு வெளியேறினார். மொழிப் பிரச்சினை நாடெங்கும் தீயாகப் பற்றிய நேரம் அது. சிங்கள பாஷா பெரமுன என்ற சிறு கட்சியோடு 1956இல் பண்டாரநாயக்கா அமைத்த மக்கள் ஐக்கிய முன்னணியில் அவர் சேர்ந்தார். தேர்தலில் அம்முன்னணி பெருவெற்றி பெற்றது. சிங்களம் மட்டும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. தகநாயக்கா கல்வி மந்திரி ஆனார். 1945இல் கண்ட மூன்றாவது கையை 1956இல் தேடிப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

பணிஸ் மாமா

கல்வி மந்திரியாக அவர் செய்தவற்றில் மக்கள் மறவாதது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய வேளையில் இலவசமாகப் பணிஸ் கொடுத்தது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை முன்னாள் ஆசிரியர் ஒருவர் அறியாமல் இருப்பாரா? பணிஸ் மாமா என்ற பட்டப் பெயர் அதனால் வந்தது. நகைத்துச் சூட்டிய பெயராக இருந்தாலும், அதைவிட நல்ல பட்டம் ஒரு மந்திரிக்குக் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். நம் தோட்டத்துப் பாடசாலைகளோ அக்காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் கையில், அரசாங்கப் பாடசாலை வரிசைக்கு வெளியே கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே கொழும்பில் ஒரு கல்வி மந்திரி எடுத்த முடிவு நம் லயத்துப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்வது எளிதான காரியமாக இருக்கவில்லை.

வித்தியோதய, வித்தியாலங்கார என்ற இரு பிரிவெனாக்களையும் பல்கலைக்கழகங்களாக உயர்த்திய 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் காலத்தது. இன்று அவை ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்கள் என வழங்குகின்றன.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்நாட்களில் இருந்த பெருங்கவலை பள்ளிகளைப் பற்றியது. உதவி பெறும் மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை 1956 முதல் பலத்த குரலில் எழுந்தது. தகநாயக்கா கல்வி மந்திரியாக இருந்த ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளில் அச்சட்டம் வரவில்லை. அவர் பதவி இழந்த பிறகு, ஸ்ரீமாவோ அம்மையாரின் அரசாங்கத்தில், 1960 முடிவில்தான் வந்தது. அப்போது பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்ததை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

செப்டெம்பர் 25

1959ஆம் ஆண்டு மந்திரிசபைக்குள்ளேயே புகைச்சல் மூண்டிருந்தது. விவசாய மந்திரி பிலிப் குணவர்தனாவின் போக்குப் பிடிக்காத மந்திரிகள் பலர் மந்திரிசபைக் கூட்டத்துக்கே வரமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வது நாம் அறிந்தது. மந்திரிகள் வேலைநிறுத்தம் செய்ததை அவ்வாண்டு நாடு கண்டது. பிலிப் வெளியேறினார். சபை முதல்வரும் அரசின் இரண்டாம் நிலைத் தலைவருமான சி. பி. டி சில்வா திடீரென நோயுற்று இலண்டனுக்குச் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டார்.

செப்டெம்பர் 25ஆம் திகதி காலை, கொழும்பு றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் விறாந்தையில் மக்களைச் சந்தித்துக் கொண்டிருந்தார் பண்டாரநாயக்கா. காவியுடை தரித்து வந்த தல்துவ சோமராம தேரர் அவரைச் சுட்டார். குண்டடி பட்ட நிலையிலும், தன்னைச் சுட்டவர் மீது இரக்கம் காட்டுமாறும் மக்கள் அமைதி காக்குமாறும் பிரதமர் செய்தி விடுத்தார். மறுநாள் உயிர் பிரிந்தது.

சி. பி. டி சில்வா நாட்டில் இல்லை. பிரதமரின் கடமைகளைப் பார்க்கும் நிலையில் இருந்தவர் கல்வி மந்திரியே. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகா தகநாயக்காவை அழைத்துப் பிரதம மந்திரியாகப் பிரமாணம் செய்வித்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர், காலியின் பழைய வாத்தியார், தான் தலைமை தாங்காத ஒரு கட்சியின் அரசுக்குத் தலைவரானார்.

அவர் நிலையை நீங்கள் எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் பெரிய கங்காணி இறந்த அன்று, வேறு ஊரிலிருந்து வந்தவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் பிரட்டில் நிற்பவர்கள் அவர் சொல் கேட்பார்களா? ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி பண்டாரநாயக்கா வளர்த்த கட்சி. அதன் மந்திரிமார் அவருக்காக வந்தவர்கள். தகநாயக்காவை அவர்கள் சகித்துக்கொண்டார்கள், ஏற்றுக்கொள்ளவில்லை.

அதோடு கொலை விசாரணையின் நிழலும் மந்திரிசபை மீது விழுந்தது. களனி விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித தேரர் கைதானார். 1956 தேர்தல் வெற்றிக்கு அரும்பாடுபட்டவர் அவர். இலங்கையின் முதல் பெண் மந்திரியான விமலா விஜேவர்தனா மந்திரிசபையிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் கைது செய்யப்பட்டார். நீதவான் விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். நிதி மந்திரி ஸ்டான்லி டி சொய்சா பலரின் நெருக்குதலால் பதவி விலகினார். இன்று யார், நாளை யார் என்று நாடு காத்திருந்தது. வதந்தி காட்டுத் தீயாகப் பரவியது. தகநாயக்கா மீது நீதிமன்றத்தில் எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. ஆனாலும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தார். மறைப்பதற்கு ஏதோ உண்டு என்ற சந்தேகத்தை அத்தணிக்கை வளர்த்தது. எதிர்ப்பு வலுக்கவே தளர்த்த வேண்டியதாயிற்று. அவர் செய்த பிழைகளில் இது பெரிது என்பேன். நெருக்கடி நேரத்தில் மக்களின் வாயை மூடினால் அவர்கள் காதோடு காதாகப் பேசுவார்கள். அதைத் தணிக்கை செய்ய எவராலும் முடியாது.

தூக்குக் கயிறு மீண்டது

பண்டாரநாயக்கா அரசாங்கம் 1958இல் ஒரு சட்டத்தின் மூலம் மரண தண்டனையை நிறுத்தி வைத்திருந்தது. ஆசிய நாடுகளில் அது துணிச்சலான காரியம். அவரைச் சுட்டுக் கொன்றதும் பழி தீர்க்க வேண்டும் என்ற குரல் ஓங்கியது. தகநாயக்காவின் அரசாங்கம் 1959 முடிவதற்குள் அந்தச் சட்டத்தை நீக்கி, தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டு வந்தது. அதுமட்டுமல்ல. ஏற்கனவே நடந்துவிட்ட கொலைக்கும் அது பொருந்தும்படி பின்னோக்கிய அதிகாரத்தோடு வகுக்கப்பட்டது.

ஒரு மனிதன் குற்றம் செய்த நாளில் இல்லாத தண்டனையைப் பிறகு உண்டாக்கி அவனுக்கு விதிக்கலாமா? இக்கேள்வி அன்றும் எழுந்தது. இறந்தவரின் பெயரால் பழி கேட்டவர்கள், இரக்கம் காட்டுமாறு அவரே கேட்டுக்கொண்டதை நினைக்கவில்லை. அவருடைய அரசு நிறுத்திய கயிறே அவருக்காகத் திரும்ப முறுக்கப்பட்டது.

1961இல் நடந்த வழக்கில் புத்தரக்கித தேரர், எச். பி. ஜயவர்தனா, சோமராம தேரர் மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அவசரத்தில் எழுதிய சட்டத்தில் கொலைக் குற்றத்துக்குத்தான் பின்னோக்கிய அதிகாரம் இருந்தது. கொலைச் சதிக்கு இல்லை. ஆகவே சதி செய்ததாகத் தீர்க்கப்பட்ட இருவரின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. துப்பாக்கி ஏந்திய சோமராமரே 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். சாவதற்கு முன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். திட்டம் தீட்டியவர் உயிரோடிருக்க, ஏவப்பட்டவர் கயிற்றில் தொங்கினார். சட்டப் புத்தகத்தில் மரண தண்டனை அதன்பின் நீங்கவே இல்லை. ஆனால் 1976க்குப் பிறகு நம் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

சபை கலைந்தது, மந்திரிசபை கரைந்தது

அக்டோபர் கடைசியில் வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணையில் அரசு மயிரிழையில் தப்பியது. இப்படியே நாள் கடத்த முடியாது என்பது விளங்கிற்று. டிசம்பர் 5ஆம் திகதி, எவரும் எதிர்பாராத வேளையில், தகநாயக்காவின் ஆலோசனைப்படி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. சுதந்திரக் கட்சி அவரைத் தலைவராக ஏற்கத் தயாராக இல்லை. அவரும் அதிலிருந்து விலகி, இலங்கை ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் ஒரு புதுக் கட்சியை ஆரம்பித்தார். சிங்களத்தில் லங்கா பிரஜாதந்திரவாதி பக்ஷய என்று பெயர்.

அடுத்து நடந்தது நம் நாட்டுச் சரித்திரத்தில் புதுமை. தன்னோடு வர மறுத்த மந்திரிகளைப் பிரதமர் அணியணியாக நீக்கத் தொடங்கினார். தேர்தல் நெருங்க நெருங்க மந்திரிசபை சிறுத்துக்கொண்டே வந்தது. பாராளுமன்றம் இல்லை, கட்சி இல்லை, சகாக்களும் இல்லை. அலரி மாளிகையில் பிரதமர் மட்டும் இருந்தார். அரசியல் திட்டத்தின்படி அவரை அகற்ற எவருக்கும் வழியில்லை. ஓர் ஆளே அரசாங்கம் என்ற நிலை அது.

இலண்டனிலிருந்து திரும்பிய சி. பி. டி சில்வா சுதந்திரக் கட்சிக்குத் தலைமை தாங்கினார். கணவரை இழந்த ஸ்ரீமாவோ அம்மையார் வெண்ணிற ஆடையில் மேடையேறினார். டட்லி சேனநாயக்கா ஐக்கிய தேசியக் கட்சியைத் திரட்டினார். தகநாயக்காவின் கட்சி ஏறத்தாழ நூறு அபேட்சகர்களை நிறுத்தியது.

1960 மார்ச் 19ஆம் திகதி தேர்தல் நடந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களிப்பு நடந்த முதல் பொதுத்தேர்தல் அதுவே. புதிய எல்லை நிர்ணயத்தின்படி தெரிவு செய்யப்படும் ஆசனங்கள் 95இலிருந்து 151ஆகப் பெருகியிருந்தன. வாசகர்களே, இந்த எல்லை நிர்ணயத்தில்தான் நம் மக்களுக்கு நடந்த ஒரு விசித்திரம் அடங்கியிருக்கிறது. தொகுதி வகுக்கச் சனத்தொகையைக் கணக்கெடுத்தபோது, பிரசாவுரிமை அற்ற தோட்டத் தொழிலாளரையும் தலை எண்ணிச் சேர்த்தார்கள். அதனால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. ஆனால் எண்ணப்பட்ட தலைகளுக்கு வாக்கு இல்லை. பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகள் அன்று வாக்குச் சீட்டைத் தொடவில்லை. டன்சினன் தோட்டத்திலோ சீன் தோட்டத்திலோ ஒரு லயத்தில் வசித்த குடும்பம், தன்னால் பெருகிய ஆசனத்துக்கு யார் போவது என்பதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. 1945இல் மூன்று கைகள் எதற்காக உயர்ந்தன என்பது பதினைந்து ஆண்டுகளில் வெளிச்சமாயிற்று. இந்த அநியாயம் முற்றாகத் தீர, 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

தேர்தல் முடிவு தகநாயக்காவுக்குப் பேரிடியாக வந்தது. நூறு பேர் நின்ற அவர் கட்சிக்குக் கிடைத்தவை நான்கு ஆசனங்கள். பதவியில் இருந்த பிரதமரே தன் சொந்தக் காலித் தொகுதியில் தோற்றார். மறுநாளே பதவி விலகினார். அலரி மாளிகையைக் காலி செய்ய மாதக்கணக்கில் தவணை கேட்கும் பெரியவர்களை நாம் பிற்காலத்தில் கண்டிருக்கிறோம். இவரோ தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, சாதாரணப் பிரயாணியாகக் காலிக்குத் திரும்பினார் என்ற கதை இன்றும் மக்கள் வாயில் நிலைத்திருக்கிறது. கொண்டு போக அவருக்கு அதிகச் சாமான் இருந்திருக்காது. திருமணம் செய்யாதவர், சொத்துச் சேர்க்காதவர்.

மீண்டும் எழுந்தவர்

அத்தோடு அவர் கதை முடிந்தது என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். டட்லியின் சிறுபான்மை அரசு ஒரு மாதத்தில் பாராளுமன்றத்தில் தோற்க, ஜூலையில் மறுதேர்தல் வந்தது. நான்கு மாதத்துக்கு முன் கைவிட்ட காலி மக்கள் தகநாயக்காவைத் திரும்பத் தெரிவு செய்தார்கள். அத்தேர்தலில் ஸ்ரீமாவோ அம்மையார் உலகின் முதல் பெண் பிரதமரானார்.

1964 டிசம்பர் 3ஆம் திகதி அம்மையாரின் அரசு ஒரேயொரு வாக்கினால், 74க்கு 73 என்று, கவிழ்ந்தது. பத்திரிகைகளை அரசுடைமையாக்கும் மசோதாவே அன்றைய பெரும் சச்சரவு. அவ்வரசைக் கவிழ்த்த திருத்தப் பிரேரணையைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே தகநாயக்காதான். 1959இல் பத்திரிகைக்குத் தணிக்கை விதித்த கை, 1964இல் பத்திரிகைச் சுதந்திரத்தின் பக்கம் நின்றது. இவரை ஒரே நிறத்தில் தீட்டப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

1965இல் டட்லியின் தேசிய அரசாங்கத்தில் உள்நாட்டு விவகார மந்திரியானார். நம்மவர்களுக்கு அந்த ஆட்சி ஒரு காரணத்தால் மறக்காது. 1966 தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினம் வார விடுமுறையாயிற்று. 1971இல் ஞாயிறு திரும்பும் வரை, ஞாயிறு பூசைக்குப் போவதற்குப் பள்ளிப் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களும் பட்ட சிரமம் கொஞ்சமல்ல.

1970இன் பின் அவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். துணிக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் நாட்டை வாட்டிய காலம். எழுபது வயதை எட்டிய முன்னாள் பிரதமர் அமுடை என்னும் கோவணத்தைக் கட்டிக்கொண்டு பாராளுமன்ற வாசலில் வந்து நின்றார். உடுக்கத் துணியில்லாத மக்களின் பிரதிநிதி வேறு எப்படி உடுத்துவது என்பது அவர் வாதம். பொலிசார் உள்ளே விடவில்லை. நாடு சிரித்தது, வீட்டுக்கு வீடு துணிப் பங்கீட்டைப் பற்றிப் பேசவும் செய்தது. வேறொருவர் செய்திருந்தால் கோமாளித்தனம் என்று போயிருக்கும். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வீடு போனவர் செய்ததால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

1977இல் தோற்றார். 1979 இடைத்தேர்தலில் காலியிலிருந்து மீண்டும் சென்றார். எண்பது வயதைக் கடந்த பின்பு ஜே. ஆர். ஜயவர்தனாவின் அரசில் கூட்டுறவு மந்திரியாகவும் இருந்தார். பிரதமராக இருந்து இறங்கியவர் சிறிய இலாகா ஒன்றை ஏற்பதா என்று கௌரவம் பார்க்கவில்லை. 1988இன் பின் காலி றிச்மண்ட் குன்றிலுள்ள தன் வீட்டில் அமைதியாக வாழ்ந்தார்.

1997 மே மாதம் 4ஆம் திகதி, 94ஆம் வயதில், காலியில் காலமானார். தான் பிரதமராக இருந்து பார்த்த தேர்தலுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போது பூண்டுலோயாவில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்த தோட்டத் தொழிலாளர் பலர் இருந்தார்கள். பதியாதவர்களும் இன்னும் இருந்தார்கள்.